ஐந்து தடவை இறங்கியவன்

"இவ்வளவு காசு குடுத்து வாங்குற அளவுக்கு இந்த மீன்ல அப்படி என்னங்க இருக்கு?" என்று எங்கள் கம்பெனிக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். பதில் எனக்கு மனப்பாடம். ஆழத்தில் இருக்கிற மீன் சார், லேசில் அகப்படாது, பிடித்தாலும் பத்தில் ஒன்று பிழைத்தால் பெரிய விஷயம், அதனால்தான் இந்த விலை. பதினான்கு வருடமாகக் கடல் அலங்கார மீன் அனுப்புகிற கம்பெனியில் பொட்டலம் கட்டுகிறவனும் நானே, வண்டி ஓட்டுகிறவனும் நானே. முதலாளி சொல்லிக்கொடுத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

என் தங்கை புருஷனைப் பற்றி அவர்களிடம் நான் மூச்சு விட்டதில்லை. விட்டால் வியாபாரம் படுத்துவிடும்.

படகுத்துறையில் அவனுக்கு ஆழக்காரன் என்று பேர். மற்றவர்கள் போதும் என்று திரும்புகிற இடத்தில்தான் இவனுக்கு வேலையே ஆரம்பிக்கும். படகில் ஒரு காற்று எந்திரம் ஓடும். அதிலிருந்து வருகிற ரப்பர் குழாயின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பில் ஈயக்கட்டியும் கையில் சின்ன வலையுமாக இறங்குவான். தண்ணீரின் அழுத்தத்தில் காது இரண்டும் பாதி போய்விட்டது. அதனால் எதையும் கத்தித்தான் பேசுவான். ரகசியம் என்று அவன் ஆரம்பித்தால் மூன்று தெரு எட்டிப்பார்க்கும். "இந்த மனுஷன்கிட்ட சண்ட போட்டா ஊருக்கே ஒலிபரப்பாயிடுது" என்று தங்கை தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் உடம்பு இரும்பு. பெண் பிள்ளைகள் இரண்டையும் தோளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறுவான், மூச்சு வாங்காது.

அந்த மீன் ஒரு சாண்கூட இருக்காது. சிவப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை. எங்கோ ஒரு பெரிய மனிதர் தன் வீட்டுத் தொட்டிக்கு அதுதான் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒரு புதுக் காரின் விலை. முதலாளிக்கு மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. "மீன மட்டும் உயிரோட கொண்டா, உனக்கு முதுகுல மாட்டுற நல்ல காத்து சிலிண்டர், ஆழம் காட்டுற கடிகாரம் எல்லாம் வாங்கித் தரேன்" என்று இவனிடம் சொல்லியிருந்தார்.

ஆழத்து மீனை ஒரேயடியாக மேலே கொண்டுவரக் கூடாது. வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பை உப்பிச் செத்துவிடும். ஓட்டை போட்ட டப்பாவில் விட்டு, கயிற்றில் கட்டி, வழியில் நாலு இடத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். படகிலிருந்து கயிற்றை இழுத்தால் அலையில் டப்பா குலுங்கும், மீன் ஐயாவுக்கு ஆகாது. அதனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஆள் இறங்கி, டப்பாவைப் பூப்போல அவிழ்த்து, அடுத்த முடிச்சில் கட்டிவிட்டு வர வேண்டும். மனித உடம்பும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிக் கை கால் விழுந்துவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அன்று சாயங்காலமே விமானம். எந்திரத்துக்கு டீசலும் அளவாகத்தான் இருந்தது. மீனை நாலு இடத்தில் நிறுத்தினான், தன்னை ஒரு இடத்திலும் நிறுத்திக்கொள்ளவில்லை. மீன் ஒரே தடவை மேலே வந்தது. இவன் ஐந்து தடவை இறங்கி ஐந்து தடவை ஏறினான்.

மதியம் இரண்டரை மணிக்கு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பெனிக்குள் வந்தான். "மச்சான், மகாராஜா வர்றாரு, வழிய விடு!" என்று கத்தினான். முதலாளி டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். பத்து நிமிடம் போயிருக்காது, இவன் சுவரைப் பிடித்தான். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"என்ன மாப்ள?"

"கால் மரத்துப்போச்சு மச்சான். தொடையக் கிள்ளிப் பாத்தேன், வேற யாரோட காலையோ கிள்ளுற மாதிரி இருக்கு."

இதற்கு முன்னால் ஒருவன் இப்படி விழுந்து நான் பார்த்திருக்கிறேன். இதற்கென்று அழுத்த அறை வைத்திருக்கிற ஆஸ்பத்திரி கிழக்கே ஒன்றரை மணி நேரம். உடனே கொண்டுபோனால் கால் திரும்பும், நேரம் தள்ளத் தள்ள நம்பிக்கை இல்லை. விமான நிலையமோ மேற்கே. கம்பெனிக்கு இருந்தது ஒரே வண்டி.

"ஆம்புலன்ஸக் கூப்பிடலாம் சார்" என்றேன்.

"கூப்பிடு. எப்படி எறங்குனான், லைசென்ஸ் எங்கன்னு போலீஸ்காரன் கேப்பான். உள்ள போறது யாரு, நீயா?" என்று முதலாளி சீறினார். "கொஞ்ச நேரம் படுக்க வையி, சரியாயிடும். ஃப்ளைட்ட விட்டா மீன் செத்துடும்யா!"

தரையில் கிடந்தவனும் கத்தினான். "நீ போயிட்டு வா மச்சான். இவ்ளோ பாடுபட்டுக் கொண்டாந்தது, செத்துடக் கூடாது."

இதைச் சொல்லித்தான் இத்தனை நாளும் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். அவன் சொன்னான், சரி. எனக்கு எங்கே போயிற்று புத்தி?

பையில் கடல் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டு, சிலிண்டரைத் திறந்து பை நிறைய ஆக்ஸிஜன் அடைத்தேன். வாயை முறுக்கி ரப்பர் பேண்டை இரட்டையாகப் போட்டேன். இரண்டடி தள்ளிச் சாக்கின் மேல் படுத்து அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா இறுக்கிக் கட்டு" என்றான்.

போய்த் திரும்ப நாலு மணி நேரம் ஆயிற்று. அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கால் மரத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. டாக்டர் வாய்க்கு வந்தபடி திட்டினார். "இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க? ஆக்ஸிஜனாவது குடுத்தீங்களா? முதல்ல அததானே குடுக்கணும்?" கொடுத்தேன் டாக்டர், மீனுக்குக் கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

தங்கை அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "வண்டி வழியில நின்னுபோச்சும்மா" என்றேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் என்னைப் பார்த்தான். ஊருக்கே கேட்கப் பேசுகிறவன் அன்று வாயைத் திறக்கவில்லை.

கால் திரும்பவே இல்லை. சிலிண்டரும் கடிகாரமும் பேச்சோடு போயின. மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது, ஒன்றரை வருடமாக அவன் சக்கர நாற்காலியில் ஜன்னலோடு கிடக்கிறான். தங்கை துணிக்கடையில் நாள் முழுக்க நின்று சம்பாதிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுவேன். "எங்க அண்ணன் மட்டும் இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் தங்கை சொல்வாள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். அவன் சோப்பு நுரைக்குள்ளிருந்து என்னைப் பார்ப்பான். "முதுகத் தேய்ச்சு விடு மச்சான்" என்பதோடு சரி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஒரு பை பழத்தோடு படியேறி வந்தார். அந்தப் பெரிய மனிதருக்கு ஜோடிக்கு இன்னொரு மீன் வேண்டுமாம். எந்தப் பாறையில் பிடித்தான் என்று கேட்கத்தான் இந்தப் பாசம். செல்போனில் வீடியோவும் காட்டினார். தொட்டி முழுக்க வெளிச்சம். மீன் கல்லுக்கு அடியில் பதுங்கியிருந்தது, வால் நுனி மட்டும் தெரிந்தது.

"அதுக்கு வெளிச்சம் ஆகாது சார், விளக்கக் கொறைக்கச் சொல்லுங்க!" என்று கத்தினான் இவன். அட பாவி, இப்போதுமா அதன் கவலை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை டீ கொண்டுவந்தாள். முதலாளி டம்ளரை வாங்கிக்கொண்டு, என்னைக் காட்டிச் சிரித்தார். "உங்க அண்ணனும் லேசுப்பட்ட ஆள் இல்லம்மா. அன்னைக்கு இவரு அந்த நெலமையில கெடக்கும்போதும், பதறாம மீனப் பேக் பண்ணி, ஏர்போர்ட்ல சேத்துட்டுத்தான் வந்தாரு. இல்லன்னா மீனும்ல போயிருக்கும்!"

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அந்த மீன் என்ன வெலைண்ணே?" என்று கேட்டாள்.

பதினான்கு வருடமாக ஒப்பித்த வாய் எனக்கு ஒட்டிக்கொண்டது. முதலாளிதான் பெருமையாக விலையைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். அவர் கையிலிருந்த டம்ளரை, பாதி டீயோடு திரும்ப வாங்கினாள்.

"ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றாள்.

நான் ஞாயிற்றுக்கிழமை போவதை விடவில்லை. வேறு யார் அவனைத் தூக்குவார்கள்? அவளும் போகச் சொல்வதில்லை. கதவைத் திறப்பாள், என் முகத்தைப் பார்க்க மாட்டாள். உள்ளே திரும்பி, அவன் காதுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வாள்.

"ஏங்க, கம்பெனி டிரைவர் வந்திருக்காரு."