மூன்று குறிப்பு எழுதினால் மூன்று புகார்

அந்த ஒரு வரி நிரலை எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அலுவலகத்தில் இருந்த காலம் முழுக்க அதில் இருந்த தவறை, அதனால் அடிபட்ட யாரிடமும் சொன்னதில்லை.

உப்பலில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழே, ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்காக அதன் வாடிக்கையாளர் புகார்களைத் தொலைபேசியில் வாங்கும் ஆட்கள். மேலே, அவர்களுக்கு மென்பொருள் எழுதும் நாங்கள். எங்கள் தளத்தில் ஏசி வேலை செய்யும், கீழே செய்யாது. அதில் எங்களுக்கு ஓர் அற்பப் பெருமை இருந்தது.

ஒருநாள் மேலாளர் ஒரு பட்டியல் கேட்டார். மாதத்தில் ஒவ்வொருவரும் எத்தனை புகார்களை முடித்தார்கள், அவற்றுக்கு எத்தனை குறிப்புகள் எழுதினார்கள் என்று ஆள்வாரியாக வேண்டுமாம். அப்போது ஓ.ஆர்.எம். எங்களுக்குப் புதிது. டேட்டாபேஸிடம் எஸ்.க்யூ.எல்லில் பத்து வரி எழுதிக் கேட்க வேண்டியதை நம் நிரலில் ஒரே வரியில் சொன்னால் போதும், மீதியை அதுவே எழுதிக்கொள்ளும். ஆள்வாரியாகப் பிரி, புகார்களை எண்ணு, குறிப்புகளை எண்ணு என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் கோத்துவிட்டேன். நம் சார்பில் அது என்ன கேட்கிறது என்று ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. பக்கத்து சீட்காரனைக் கூப்பிட்டுக் காட்டிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமையில் கேன்டீன் சுவரில் அந்தப் பட்டியலைப் புரொஜெக்டரில் போடுவார்கள். முடித்த புகார்களின் எண்ணிக்கையில் முதல் ஐந்து பேர் பச்சை, கடைசி ஐந்து பேர் சிவப்பு. பச்சைக்குச் சாக்லேட்டும் கைதட்டலும். சிவப்பில் இருப்பவர்களும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் என்பது மேலாளரின் ஏற்பாடு. மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பில் இருந்தால் வேலை போய்விடும். சோற்றுக் கையோடு எழுந்து நின்று, இடது கையால் மேஜையைத் தட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நினைத்தால் குமட்டுகிறது. அன்று எனக்குக் குமட்டவில்லை.

கீழே தமிழ் அழைப்புகளை எடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அந்த ஊர் உருது கலந்த அவள் தமிழில் ‘ஏன்’ என்பது ‘கைக்கு’, ‘ஆமாம்’ என்பது ‘ஹவ்’. அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், படுத்த படுக்கை. வீடு இவள் வேலையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் சிவப்பில் வந்த பிறகு, சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, உங்க லிஸ்ட்டு கைக்கு இப்படி வருது? நான் டெய்லி முடிக்கிறத நோட்ல கோடு போட்டு வெச்சிருக்கேன். பக்கத்துல இருக்கிறவன் அதுல பாதிகூட முடிக்கல. அவன் பச்சை, நான் சிவப்பு!”

“நீ எண்ணுறதுல ஏதாவது தப்பு இருக்கும்மா. கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியாதா?”

“ஹவ், தெரியும். ஒருவாட்டி பாருங்கண்ணா. இது மூணாவது மாசம்.”

“பாக்கிறேன்.”

“போன மாசமும் இதேதான் சொன்னீங்க! பாக்கிறேன் பாக்கிறேன்னு சொல்லிட்டு மேல போய் உக்காந்துக்குறீங்க!”

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு மேலே போய்விட்டேன். அந்த மாதமும் நான் பார்க்கவில்லை.

மூன்றாவது பட்டியலும் போன பிறகு, மேலாளர் எல்லார் எண்ணிக்கையையும் கூட்டிக் கீழே காட்டச் சொன்னார். கூட்டினேன். எங்களிடம் மொத்தம் வந்த புகார்களைவிட நாங்கள் முடித்த புகார்கள் மூன்று மடங்கு அதிகமாக இருந்தன. அப்போதுதான் அந்த ஒரு வரி டேட்டாபேஸிடம் என்ன கேட்கிறது என்று திறந்து பார்த்தேன். அது ஒவ்வொரு புகாரையும் அதன் ஒவ்வொரு குறிப்போடும் சேர்த்து வரிசையாக அடுக்கிவிட்டு, பிறகு வரிசைகளை எண்ணியிருக்கிறது. மூன்று குறிப்பு உள்ள புகார் மூன்று புகாராகிவிட்டது. எண்ணியதையே திரும்ப எண்ணாதே என்று ஒரே ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும். சேர்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சரியான பட்டியலில் அவள் இரண்டாவது இடத்தில் இருந்தாள். ஒரே அழைப்பில் ஆளிடம் பேசி முடித்து, ஒரு குறிப்பு எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறவள். அவளுடைய பக்கத்து சீட்காரன், காலையில் கூப்பிட்டேன் எடுக்கவில்லை, மதியம் கூப்பிட்டேன் எடுக்கவில்லை, நாளை கூப்பிடுகிறேன் என்று ஒரே புகாருக்குப் பன்னிரண்டு குறிப்பு எழுதிவைத்திருந்தான். மூன்று மாதமாகத் தட்டிக்கழிப்பவனுக்குச் சாக்லேட் கொடுத்து, வேலை செய்தவளைக் கைதட்ட வைத்திருக்கிறோம்.

மேலாளர் மதுரைப் பக்கத்துக்காரர். பல்லிடுக்கில் சிக்கிய பாக்கைக் குண்டூசியால் குத்திக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

“மூணு மாச லிஸ்ட்டும் கிளையண்டுக்குப் போயாச்சு தம்பி. இப்பப் போய்த் தப்புன்னு சொன்னா மூஞ்சியில காறித் துப்புவான். அடுத்த மாசத்துல இருந்து சரியா வரட்டும்.”

“அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு லெட்டர் குடுக்கிறாங்க சார்.”

“ப்ரோக்ராம் எழுதினது யாரு? உன் பேரைப் போட்டு மெயில் அனுப்பட்டுமா, சொல்லு.”

குண்டூசி முனையில் வந்த பாக்குத் துணுக்கை உற்றுப் பார்த்துவிட்டு மேஜையிலேயே துடைத்தார். அருவருப்பாக இருந்தது. ஆனால் அவராவது மனதில் இருந்ததை வாய்விட்டுச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நான்கு மணிக்கு லிஃப்ட் பக்கத்தில் அவளைப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

“அண்ணா, அன்னிக்கு லைன்ல எல்லார் முன்னாடியும் உங்கமேல கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. நான்தான் தப்பா எண்ணியிருக்கேன் போல. ஸாரிண்ணா.”

“பரவாயில்லம்மா, விடு” என்றேன். “நான் ஒண்ணும் நினைச்சுக்கல.”