இலாரியேவின் தட்டு

என் மகன் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலத்தில், நான் விடியற்காலைப் பேருந்தில் போய் இருட்டிய பின்தான் திரும்புவேன். வந்து பார்த்தால் அடுப்பங்கரை வாசலில் பிளந்த விறகு அடுக்கியிருக்கும். யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை. பனியில் கிடந்த தடம்தான் சொன்னது. ஒரு கால் அழுந்தப் பதிந்திருந்தது, மறு கால் கோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. எங்கள் தெருவில் இடது காலை இழுத்து நடக்கிறவள் வெத்தூரியா அக்கா ஒருத்திதான். நன்றி சொல்லப் போனேன்.

"விறகா? நான் என்னத்தைக் கண்டேன். ராத்திரியில பரிசு வைக்கிற புனித நிக்கொலாய் வந்துட்டுப் போயிருப்பார்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இளம் வயதிலிருந்து ரொட்டிச் சூளையில் வேலை பார்த்தவள். கணவர் இலாரியே இறந்த பிறகு அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, சர்க்கரை இறங்காவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கிருந்த நர்ஸ் பெண் ஒரு வழி காட்டினாளாம். காலையில் அன்றைக்கு உரிய அவரைக்கொட்டைகளை ஒரு நீலக் கிண்ணத்தில் எடுத்து வைக்க வேண்டும். ஒரு துண்டு ரொட்டி தின்றால் ஒரு கொட்டையைக் கண்ணாடிச் சீசாவில் போட வேண்டும். ஒரு கரண்டி சோளக்களிக்கும் அப்படியே. கிண்ணம் காலியானால் அன்றைய சாப்பாடு முடிந்தது.

"ஒருநாள் கூடிப்போனா, கூடினதையும் சேர்த்துப் போடுங்க. மறுநாள் பட்டினி கிடக்காதீங்க. மறுபடி அதே கிண்ணம்," என்றாளாம் அந்தப் பெண்.

அக்கா அதைப் பிசகாமல் செய்தாள். நான் ஆப்பிள் கொண்டுபோனால்கூட, "உன் ஆப்பிளுக்கு ஒரு கொட்டை செலவு. அதுக்குத் தகுந்த ருசி இருக்கா பாரு," என்பாள். கண்ணில் மிதந்த கறை மெல்லக் குறைந்துவந்தது.

அப்புறம் இறந்தோரின் சனிக்கிழமை வந்தது. அன்று எங்கள் பக்கத்தில் இறந்தவர் பேரைச் சொல்லிச் சாப்பாட்டுத் தட்டு கொடுப்போம். வாங்குகிறவர், "ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சாப்பிட்டால் அது இறந்தவருக்குப் போய்ச் சேரும். அந்தத் தட்டு வீணாகப் போகக் கூடாது. அக்கா இலாரியேவுக்குப் பிடித்ததெல்லாம் செய்திருந்தாள். அரிசி சேர்த்து முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய பன்றிக்கறி, வால்நட் வைத்த இனிப்பு ரொட்டி, சர்க்கரை தூவிய கோதுமை. அன்று பார்த்து விடாத மழை. தட்டு வாங்க யாரும் வரவில்லை. தன் பங்கைச் சாப்பிட்டு முடித்தவள், மனசு கேட்காமல் அவர் தட்டையும் தானே சாப்பிட்டாள்.

மறுநாள் கோயிலிலிருந்து வரும் வழியில் எட்டிப் பார்த்தேன். அவர் தட்டையும் தானே தின்ற கதையை அக்கா சொன்னாள்.

"அப்போ அதுக்கும் கொட்டை போட்டாச்சாக்கா?"

"நேத்து சாப்பிட்டது நானா? அவரு. என் வாயைத்தான் இரவல் குடுத்தேன். செத்தவருக்குச் சர்க்கரை ஏது?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. நம்பிக்கைக்காரிதானே நானும். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தியில் தயிர் கொடுக்கப் போனேன். அக்கா மேசையருகே உட்கார்ந்திருந்தாள். எதிரே இலாரியேவின் நாற்காலி வெளியே இழுத்துப் போட்டிருந்தது. முன்னால் இரண்டு தட்டு. அவள் தட்டு காலி. மற்றதிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால். இலாரியே இடது கைக்காரர். அவருக்கு வலப்பக்கம் கடைவாய்ப்பல் கிடையாது, ஒரு பக்கமாகத்தான் மெல்லுவார். அக்காவும் ஒரு பக்கமாகவே மென்றாள்.

"அக்கா."

"உப்பு குறைச்சல்," என்றாள். அவர் சொல்கிற இழுப்பு அதில் அப்படியே இருந்தது.

கிண்ணத்தைப் பார்த்தேன். கொட்டைகளின் மேல் மெல்லிய தூசி. தன் தட்டுக்குக்கூட அவள் எண்ணவில்லை.

"சனிக்கிழமையோட முடியலையாக்கா?"

"தினமும் பசிக்குதாம் அவருக்கு," என்றாள். பிறகு தன் குரலில், மெதுவாக, "விளக்குல செவப்பா ஒரு நூல் ஓடுதுடி ஆனூத்தா. துடைச்சுப் பார்த்தேன், போகல," என்றாள்.

கடைசி வாயை மென்று விழுங்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதைப் பார்த்ததும் என் வாயில் வந்ததைச் சொன்னேன். "இலாரியே அண்ணன் சாப்பிட்டு முடிச்சா சிலுவை போட்டுக்காம எழுந்திருக்கவே மாட்டாரே. மீன்பிடிக்கப் போன இடத்துல, படகுலகூடப் போடுவாரே."

அக்கா தன் இடது கையையே பார்த்தாள். "நாலு நாளா அந்தத் தட்டுல சாப்பிட்டு ஒரு தடவைகூடச் சிலுவை போட்டுக்கலையே," என்றாள்.

"அப்போ சாப்பிடறது யாருடி?"

ஜெபம் முணுமுணுத்தேன். அக்கா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சனிக்கிழமை அவர் தட்டுல இருந்த கறிச்சுருளுக்குச் சேர்த்த அரிசி. இது நான்," என்று ஒரு கொட்டையைச் சீசாவில் போட்டாள். "இனிப்பு ரொட்டி. நான். இன்னொரு துண்டு. அதுவும் நான்." கொட்டை விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எதிர் நாற்காலி லேசாக முனகியது. மரம் குளிரில் முனகும், எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கிண்ணம் தீர்ந்துபோனது. அலமாரியிலிருந்த பையைக் கொண்டுவரச் சொன்னாள். இன்றைய இரண்டு தட்டு வரைக்கும் எண்ணி முடித்தபோது முனகல் நின்றிருந்தது. வலது கையால் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு ஒண்ணும் சாப்பிடாம ஈடுகட்டிடவா?"

"அந்தப் பொண்ணு வேண்டாம்னுதானே சொல்லியிருக்கு?"

"ஆமா," என்று மறுநாளைக்கு உரியதை மட்டும் எண்ணிக் கிண்ணத்தில் வைத்தாள்.

கிளம்பும்போது அந்த நாற்காலியை உள்ளே தள்ளினேன். உட்காரும் பலகை வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பு அந்தப் பக்கம் இல்லை. அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் கணக்கை விடவில்லை. கூடிப்போன நாளிலும் கூடினதைப் போட்டாள். சிவப்பு நூல் மங்கி மறைந்தது. பிற்பாடு அக்காவின் மகள் வந்து அவளைத் தன்னோடு அழைத்துப்போனாள். பேருந்து வந்தபோது அதன் ஊர்ப்பெயர்ப் பலகையை அக்காவே படித்தாள். வழிக்கு என்று நான் கொடுத்த பாலாடைக்கட்டி அப்பத்தில் ஒரு துண்டு தின்றாள். கோட்டின் ஒரு பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து மறு பையில் போட்டாள். அப்புறம் வீட்டுச் சாவியை என் கையில் வைத்து மூடினாள். அவளை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

"அந்த நாற்காலியை மேசையை விட்டுத் தள்ளியே வை, ஆனூத்தா. பசிக்குதுன்னு அது கேட்டா, எல்லாத்தையும் நான் எண்ணிட்டேன்னு சொல்லிடு."