தீயில் வளைந்த உத்திரம்

துறைமுகத்துக்குப் போகும் சாலையில், லாரி செட்டுகளுக்கு நடுவே இருந்த ஒரு பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரும்போ, கம்பியோ, கப்பலைக் கரையில் கட்டும் கயிறோ, எதுவானாலும் இயந்திரத்தில் பூட்டி அறும்வரை இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று சொல்வதுதான் வேலை. துண்டைக் கொண்டுவருகிறவர்களின் வீட்டுக் கதையை நாங்கள் கேட்பதில்லை. ஒருமுறை கேட்க வேண்டியதாயிற்று.

வந்தவர் ஒரு பஞ்சு வியாபாரி. வயதானவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருடைய குடோனில் மின்கசிவால் தீப்பிடித்து, தீயணைப்பு வண்டி வருவதற்குள் கூரை உட்கார்ந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கூரையைப் போட்டவர் அண்ணாச்சியின் தங்கை கணவர். குலசேகரன்பட்டினம் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மட்டமான இரும்பைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று அண்ணாச்சி ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லியிருக்கிறார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. தான் சொன்னது சரி என்று காட்டத்தான் என்னிடம் வந்திருந்தார்.

"பஞ்சு எரியும், சரி. நல்ல இரும்பு எப்படிம்மா வளையும்?" என்றார்.

குடோனுக்குப் போனேன். தூண்கள் நின்றன. உத்திரங்கள் துணி காயப்போட்ட கொடி மாதிரி தொங்கின. அதிகமாகத் தொங்கியதிலிருந்து ஒரு துண்டும், தீ எட்டாத மூலையிலிருந்து ஒரு துண்டும் வெட்டி வந்து இழுத்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே பாரத்தில்தான் அறுந்தன. அந்த வகை இரும்பு எவ்வளவு தாங்கவேண்டுமோ அவ்வளவு தாங்கின. அண்ணாச்சி நம்பவில்லை. இயந்திரத்தில் கோளாறு இருக்குமோ என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

விளக்கிச் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. தீ எட்டாத உத்திரத்திலிருந்தே இன்னும் இரண்டு துண்டுகள் எடுத்தேன். முதலாவதை அப்படியே இழுத்தபோது வெகுநேரம் தாங்கி, படாரென்று அறுந்தது. அண்ணாச்சி ஓரடி பின்னால் போனார். இரண்டாவதைச் சுற்றிச் சின்ன உலையைப் பொருத்தி, இருண்ட சிவப்பாகும்வரை சூடேற்றி இழுத்தேன். சத்தமே இல்லை. நீண்டு, நடுவில் இடுப்புபோல் மெலிந்து, முதல் துண்டு தாங்கியதில் பாதிகூடத் தாங்காமல் பிரிந்தது.

தீ எரிந்த நேரத்தில் உத்திரம் இப்படித்தான் இருந்திருக்கும், கூரையின் சொந்தப் பாரமே அதை வளைக்கப் போதும் என்றேன். ஆறியபின் வலு திரும்பிவிட்டது, வளைவு மட்டும் நிமிரவில்லை. எந்த நல்ல இரும்பும் அந்தச் சூட்டில் இதைத்தான் செய்யும்.

அண்ணாச்சி செல்போனில் தங்கையைக் கூப்பிட்டு, நீங்களே சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் நீட்டினார். இது என் வேலை இல்லை என்று நினைத்தேன். ஆனாலும் வாங்கி, சோதனையில் தெரிந்ததைச் சொன்னேன்.

அந்தம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். "அப்பம் எங்க வீட்டுக்காரக ஏமாத்தலைல்லா?" என்றார்.

"இல்லம்மா. நல்ல இரும்புதான்."

"அத எங்கண்ணன் வாயால சொல்லச் சொல்லுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாசலுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவத் தண்ணீர் கேட்டார்.

உத்திரங்களைத் தூண்களோடு பூட்டியிருந்த போல்ட்டுகள் பற்றியும் சொல்லவேண்டியிருந்தது. பார்வைக்குப் புதுசு போல இருந்தன. ஆனால் பக்குவமாகச் சூடாக்கிக் குளிரவைத்து வலுவேற்றிய வகை அவை. தீயின் சூட்டில் அந்தப் பக்குவம் கெட்டு, ஆறியபின்னும் வலு திரும்பவில்லை என்று இழுத்துப் பார்த்ததில் தெரிந்தது. எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன்.

"வளைஞ்சது நல்லது, நேரா இருக்கது மோசமா?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சி போனார்.

புதுக் கூரையையும் அந்தத் தங்கை மாப்பிள்ளைதான் போட்டார். போடுவதற்கு முன் இரும்பிலும் போல்ட்டிலும் மாதிரிகளைத் தானே கொண்டுவந்து சோதிக்கச் சொன்னார். யாரும் சொல்லி அவர் வரவில்லை. எல்லாம் சரியாக இருந்தன. பிறகு தருவைகுளத்தில் ஒரு ஐஸ் பிளாண்டுக்குச் சின்னதாக ஷெட் போட்டபோதும் துண்டோடு வந்து நின்றார். இதற்கெல்லாம் தேவையில்லை என்று சொன்னேன். இருக்கட்டும், இழுத்துப் பாருங்கள் என்றார்.