குப்புசாமி அண்ணனின் மீட்டர் சரியாகத்தான் இருந்தது

சேலம் போகும் பஸ் மேச்சேரியைத் தாண்டியபோது போன் வந்தது. குப்புசாமி அண்ணனின் எண். "சொல்லுங்கண்ணா" என்றேன். பேசியது அவருடைய மனைவி ருக்மணி அக்கா. "உங்க அண்ணன் போயிட்டாருங்க அம்மிணி" என்றார். காலையில் பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், வைத்த காப்பி ஆறியும் எடுக்கவில்லையாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் மேட்டூர் பஸ்ஸுக்கு நின்றேன். அழுகை வரவில்லை. இனி அவரிடம் சொல்லவே முடியாது என்பதுதான் முதலில் தோன்றியது. எதைச் சொல்ல முடியாது என்பதை இங்கே எழுதப் போகிறேன். எங்கள் ஃபிலிம் குழு நண்பர்கள் இதைக் கடைசிவரை படிக்க வேண்டும். பாதியில் என்மேல் கோபம் வந்தாலும் படிக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் மேட்டூரில் ஒரே ரசாயன ஆலையில் வேலை பார்த்தோம். அவர் கருவிப் பிரிவு. அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துத் திருத்துவது அவர் வேலை. நான் ஆய்வகம். ஆலையின் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் வரும் மாதிரிக் குப்பிகளுக்கு லேபிள் எழுதி ஒட்டி, சோதித்து, முடிவு எழுதுவது என் வேலை. லேபிள் மாறினால் ஒரு நாள் உற்பத்தியே வீணாகும். இருபது வருடத்தில் ஒரு லேபிளைக்கூட நான் மாற்றி ஒட்டியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்தப் பெருமையும் இந்தக் கதையில் வரும்.

சேலத்தில் யாரோ விற்க வந்த பழைய சூப்பர் எட்டு கேமராவை அவர் வாங்கியதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத சின்ன ஃபிலிம் அதில் ஓடும். ஒரு டப்பா வாங்கினால் மூன்று நிமிடச் சொச்சம் படம் வரும். கையில் போன் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வீடியோ எடுக்கிற காலத்தில் இது என்ன வேண்டாத வேலை என்று ஆலையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் எடுத்த முதல் படத்தைப் பார்த்த பிறகு நானும் ஒரு கேமரா தேடி வாங்கினேன். அப்புறம் ஸ்டுடியோ கதிரேசன் வந்தார், இன்னும் இருவர் வந்தார்கள். குழு ஆனோம்.

வெளிச்சம் குறைந்த இடங்கள்தான் அவருக்குப் பிடித்தவை. சமையலறை, மாட்டுக் கொட்டகை, மழை நாளில் வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயும் இடம். விளக்குப் போட மாட்டார். "லைட்டப் போட்டா அது வேற ஊடு ஆயிருமுங்க" என்பார். ஓர் அறைக்குள் போனால் கேமராவைத் தொடாமல் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். கண் பழகிய பிறகுதான் லைட் மீட்டரை எடுப்பார். முகத்தருகில் ஒன்று, கையருகில் ஒன்று என்று அளந்து, சிகரெட் அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொள்வார். சிகரெட்டை விட்ட பிறகும் அட்டை மட்டும் யாரிடமாவது வாங்கி வைத்திருந்தார். "மீட்டரு பொய் சொல்லாதுங்க. பாக்கற நாமதான் நமக்குத் தோதாப் பாத்துக்குவோம்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

இருட்டில் எடுக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. நொடிக்குப் பதினெட்டுப் படம் ஓடவேண்டிய கேமராவை ஒன்பதில் வைப்பார். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். ஆனால் திரையில் எல்லோரும் விடுவிடுவென்று ஓடுவார்கள். அதனால் எடுக்கும்போதே பாதி வேகத்தில் அசையச் சொல்வார். ஒருமுறை ருக்மணி அக்கா தோசை சுடுவதை அப்படி எடுத்தார். "மெதுவா, இன்னும் மெதுவாத் திருப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "நான் மெதுவாத் திருப்பலாமுங்க, தோசக்கல்லு மெதுவாச் சுடுமா?" என்று கேட்டார் அக்கா. தோசை தீய்ந்தது. படத்தில் அக்கா இயல்பாகத் தோசை சுட்டார், ஆவி மட்டும் அவசரமாக மேலே போனது. நாங்கள் ஐவரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சிரித்தோம்.

அவருக்கு உண்மையில் எடுக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு படம்தான். பரமத்தி வேலூர்ப் பக்கம் அவருடைய அக்கா பாவாயி வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். தாய் இல்லாத தம்பியை வளர்த்ததும், தொழிற்படிப்பு படிக்க வைத்ததும் அந்த அக்காதான். விடிவதற்கு முன்பே வெற்றிலை கிள்ளப் போய்விடுவார். "நான் எந்திரிக்கறதுக்குள்ள அக்கா போயிருக்கும். அந்நேரத்துல அது வேல செய்யறத நான் பாத்ததே இல்லீங்க" என்று ஒருநாள் ஆலைக் கேன்டீனில் சொன்னார். அந்த நேரத்து அக்காவை, அந்த நேரத்து வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அக்காவோ போட்டோவுக்கே நிற்காதவர். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தார்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு விடிகாலை, துணைக்கு நானும் போனேன். அகத்தி மரங்களில் கொடி ஏறி மேலே அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இலையும் காம்பும் பிரித்துத் தெரியவில்லை. தரை ஈரம். அண்ணன் வரப்பில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கினார், அளந்தார், அட்டையில் எழுதினார். பிறகு அக்காவிடம் பாதி வேகத்தில் கிள்ளச் சொன்னார். "இப்படிக் கிள்ளுனா கூலிக்கு வந்தவங்க என்னப் பாத்துச் சிரிப்பாங்கடா" என்றார் அக்கா. சொன்னாலும் அப்படியே செய்தார். மிக மெதுவாகக் கை நீட்டி, நகத்தால் காம்பைக் கிள்ளி, இடது கையில் அடுக்கினார். 

ஒன்பதில் வைத்தும் வெளிச்சம் போதவில்லை. மீதியை லேப்பில் ஈடுகட்ட வேண்டும். கழுவும்போது ஃபிலிமை மருந்தில் கூடுதல் நேரம் வைக்கச் சொல்லி டப்பாவின் மேல் எழுத வேண்டும். இதை 'புஷ்' என்போம், எவ்வளவு என்பதை 'ஸ்டாப்' கணக்கில் சொல்வோம். "ரெண்டு ஸ்டாப் புஷ்ஷுன்னு எழுதீருங்க அம்மிணி, உங்க கையெழுத்துதான் நல்லாருக்கும்" என்று டப்பாவை என்னிடம் கொடுத்தார். மும்பையிலுள்ள ஒரு சின்ன லேப்புக்கு அனுப்புவோம். அதே பார்சலில் என்னுடைய டப்பாவும் போனது. நான் எடுத்தது உச்சி வெயிலில் தேர்த் திருவிழா. ஆய்வக மேசையில் இரண்டு லேபிள் எழுதினேன், இரண்டையும் ஒட்டினேன். மாதிரிக் குப்பி என்றால் இரண்டு முறை சரிபார்ப்பேன். இது ஃபிலிம்தானே என்று பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஸ்கேன் செய்த படங்கள் அவரவருக்குத் தனித்தனியாக வந்தன. எல்லோரும் கதிரேசன் ஸ்டுடியோவில் கூடினோம். அண்ணனின் படத்தைத்தான் முதலில் போட்டார்கள். கறுப்பு. நடுவில் எப்போதாவது ஒரு சேலை ஓரம் அசைந்தது, அவ்வளவுதான். அண்ணன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "நான்தான் மீட்டரத் தப்பாப் படிச்சுப்போட்டனாட்டம் இருக்குது" என்றார். கதிரேசன் சூழலை இலகுவாக்க நினைத்து, "அக்காவப் பாத்ததும் கண்ணுல தண்ணி நின்னுருக்கும், மீட்டரு முள்ளு தெரிஞ்சிருக்காது" என்றார். அண்ணனும் சிரித்தார்.

என் படத்தை நான் அங்கே போடவில்லை. இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன். முந்தின இரவே வீட்டில் பார்த்திருந்தேன். தேர் முழுக்க வெளுத்துப் போய், ஆட்களின் முகமே இல்லாமல், மணல் மணலாக இருந்தது. இரண்டு ஸ்டாப் புஷ் செய்யப்பட்டது என்னுடைய ஃபிலிம். அப்படியானால் அவருடையதைச் சாதாரணமாகக் கழுவியிருக்கிறார்கள். லேபிளை மாற்றி ஒட்டியவள் நான். அன்று ஸ்டுடியோவில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டதும் சொல்லாமல் விட்டுவிட்டேன். வெட்கத்தைவிட எனக்கு நிம்மதிதான் அதிகமாக இருந்தது. இதை எழுதுவதற்குக் கை கூசுகிறது.

அதற்குப் பிறகு அவர் இருட்டில் படம் எடுக்கவில்லை. பேட்டரியில் எரியும் பெரிய எல்இடி விளக்கு ஒன்று வாங்கினார். என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். விளக்கை உயரத் தூக்கிப் பிடித்திருந்தது நான்தான். மீட்டரைப் பார்த்தபின் ஒவ்வொரு தடவையும் என்னிடம் நீட்டி, "நீங்களும் ஒருக்காப் பாத்துச் சொல்லிருங்க அம்மிணி" என்றார். முப்பது வருடம் ஆலையின் கருவிகளுக்கெல்லாம் சரி, தப்பு சொன்ன மனிதர். நானும் பார்த்து, சரியாக இருக்கிறது அண்ணா என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் ஓய்வு பெற்ற நாளில் சொல்லியிருக்கலாம். அன்று மேடையில் கதிரேசன் கொடிக்கால் கதையைச் சொல்லிக் கேலி செய்தபோது கூட்டத்தோடு சேர்ந்து நானும் கைதட்டினேன்.

ஆகவே நண்பர்களே, இனி யாரும் அந்தக் கதையை அப்படிச் சொல்ல வேண்டாம். கொடிக்காலில் அவர் அளந்த அளவு சரி. வைத்த வேகம் சரி. கேட்ட புஷ்ஷும் சரி. நான் லேபிளை ஒழுங்காக ஒட்டியிருந்தால் அந்தப் படம் வந்திருக்கும். அவர் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படமாகவும் இருந்திருக்கும்.

கருமாதி அன்று ருக்மணி அக்கா, அவருடைய கேமராவை என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு எனக்குத் தகுதியில்லை. குப்புசாமி அண்ணனிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள மிஞ்சியது, அன்று அவருடைய அக்கா எனக்குச் சொன்ன பதில் மட்டும்தான்.

பாவாயி அக்கா பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு டப்பா, இரண்டு லேபிள், என் பொய், எதையும் விடவில்லை. ஃபிலிமைக் கழுவுவது பற்றியெல்லாம் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தப்பு தம்பியுடையது அல்ல என்பது புரிந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கொடிக்காலை அழித்துக் கரும்பு வைத்ததே போன வருடம்தானாம். அதுவரை மாதம் தவறாமல் தம்பி வந்து போய்க்கொண்டுதான் இருந்தானாம், கேமராவை மட்டும் கொண்டு வரமாட்டானாம். அந்த இருட்டில் தனக்கு எடுக்க வராது என்று சொல்லிவிட்டானாம்.

"நீ அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மறுக்கா வந்து எடுத்திருப்பான் சாமி" என்றார். "கொடிக்காலும் இருந்துச்சு. நானும் இருந்தேன்."