முகூர்த்தச் சேலையை வெட்டியவர்

உருளை என் கையை இழுத்தபோது முதலில் வலி தெரியவில்லை, சூடுதான் தெரிந்தது. பட்டுச் சேலைகளுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் எனக்கு வேலை. சுடும் இரண்டு உருளைகளுக்கு நடுவே நான் சேலையைக் கொடுப்பேன், எதிர்ப்பக்கம் செல்வி வாங்குவாள். பிறகு ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடிப்போம். அன்று கரையில் ஒரு சுருக்கம் விழுந்தது. நீவிவிடப் போன என் வலது கை சேலையோடு உள்ளே போய்விட்டது.

முதலாளி ஓடிவந்து மிஷினை நிறுத்தினார். சேலை என் கையையும் உருளையையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தச் சேலை. எங்கள் காஞ்சிபுரத்தில் அதில் கத்தரி வைக்க எவருக்கும் மனம் வராது. அவர் யோசிக்கவே இல்லை, சேலையைக் குறுக்கே வெட்டி என் கையை விடுவித்தார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா 'டீகுளோவிங்' என்றார் (கையுறை கழல்வதுபோல் தோல் சதையை விட்டுக் கழன்றுவிடுவது). இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு 'ஸ்கின் கிராஃப்ட்' (தொடைத்தோலைச் சீவிக் காயத்தில் ஒட்டுவது). கையைவிடத் தொடைதான் அதிகம் எரிந்தது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகள் பெங்களூரிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். மற்றபடி தினமும் வந்தது முதலாளியும் செல்வியும்தான். அவர் வீட்டுக் கஞ்சி, ஆரஞ்சு, கோயில் குங்குமம் எல்லாம் வரும். "அழாத அம்சா, அண்ணன் நான் இருக்கேன்ல?" என்பார். கூடப்பிறந்தவன்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

கட்டு மாற்றும்போது டாக்டரம்மாதான் கேட்டார். "வேலைல அடிபட்டதுதானே? உங்க முதலாளி ஆளுங்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்காரா? எடுக்கலைன்னாலும் நஷ்டஈடு அவர் பொறுப்பும்மா. சட்டமே இருக்கு."

மறுநாள் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி முதலாளியிடம் கேட்டேன்.

"மிஷினுக்கு எடுத்திருக்கேன். சேலைங்களுக்கும் இருக்குது. ஆளுங்களுக்கு எதுக்குமா? ஒரே குடும்பமாத்தானே இருந்துக்கினு வர்றோம்?"

அவர் ஏமாற்றவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். ஆனால் இந்தக் கை இனி பட்டறை வேலைக்கு ஆகாது. கஞ்சி எத்தனை நாளைக்கு வரும்? வீடு திரும்பியதும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்தேன்.

அதற்கடுத்த நாளே கஞ்சி நின்றுவிட்டது.

செல்வி மட்டும் ஒரு தரம் வந்தாள். உட்காரவில்லை. "இன்னாக்கா இப்படிப் பண்ணிட்ட? உனக்காக முகூர்த்தச் சேலையவே வெட்டுன மனுசன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டன்னு எல்லாரும் பேசிக்கினு இருக்காங்க."

"அதுக்காக அவர சாகுற வரைக்கும் கும்பிடுறேன்டி. ஆனா கும்பிட்டுக்கினே இருந்தா சோறு வருமா?" என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விசாரணையில் முதலாளி எதிர் பெஞ்சில் இருந்தார். வணக்கம் சொன்னேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். உத்தரவானபடி தொகையைக் கட்டிவிட்டார். அதில்தான் சாப்பிடுகிறேன். என் நிலையில் இருப்பவர்களே, கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் கேட்டபின் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்தில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

போன மாதம் செல்வி போன் செய்தாள். "அக்கா, எங்க எல்லாருக்கும் இன்ஷூரன்ஸ் போட்டுட்டாருக்கா." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எப்ப வர்ற செல்வி?" என்றேன். "வேலை இருக்குதுக்கா" என்று வைத்துவிட்டாள்.

ஒட்டிய தோலுக்குச் சூடு தெரிவதில்லை. டம்ளர் உதட்டில் பட்ட பிறகுதான் காபி சுடுவது தெரிகிறது. துவைத்த சேலையை மடிக்க ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுகிறேன். மறுமுனையை இடது கையில் பிடித்துப் பின்னால் நடக்கிறேன். முன்பு பேசிக்கொண்டே மடித்துப் போட்ட சேலைக்கு இப்போது ஒரு சாயங்காலமே போய்விடுகிறது. பட்டறையில் செல்வி பிடித்தால் அந்தப் பக்கமிருந்து லேசாக ஒரு இழுப்பு வரும், நான் ரெடி என்பதுபோல. நானும் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். கம்பி இழுப்பதில்லை.