பார்படோஸில் மறைத்த தந்தி

என் மாமனார் இறந்துவிட்டார் என்ற செய்தியைப் பன்னிரண்டு நாட்கள் என் மனைவிக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். அதில் பத்து நாட்கள் பார்படோஸ் தீவில் கழிந்தன, இரண்டு நாட்கள் விமானங்களில்.

எழுபதுகளின் பிற்பகுதி. சிட்னியில் ஒரே அலுவலகத்தில் பத்து ஆண்டுகள் முடித்ததற்காக எனக்கு நீண்ட விடுமுறை கிடைத்திருந்தது. ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்களைச் சுற்றி இருந்தவை நான்கு தமிழ் வீடுகள். அந்த நான்கு வீட்டாரும் விடுமுறை கிடைத்தால் யாழ்ப்பாணத்துக்குத்தான் போவார்கள். மனைவியும் அதையே கேட்டாள்.

“அப்பாவுக்கு இருமல் நிக்கேல்லையாம். ஒருக்கால் போய்ப் பாத்துப்போட்டு வருவம்.”

“அடுத்த வருசம் போவம். இந்த முறை ஆற்றையும் கலியாணம், செத்தவீடு எண்டு அலையாமல் எங்கையாவது போய்க் கிடப்பம்” என்றேன். பிரயாண முகவரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த கடற்கரைப் படத்தை எட்டு மாதமாகப் பார்த்து வந்தவன் நான்.

கடற்கரையிலிருந்து நூற்றுப்பத்து அடி தூரத்தில் ஒரு விடுதி. ஏழு அறைகள். முதல் இரண்டு நாட்கள் மனைவி அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் விடுதிக்காரப் பெண்மணி சோளமாவும் வெண்டிக்காயும் சேர்த்துக் கிண்டிய களியும், அதன் மேல் பறக்கும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். மனைவி ஒரு வாய் வைத்தாள். பிறகு தட்டை இழுத்துக்கொண்டாள்.

“இந்த மீனுக்குப் பறக்கத் தெரிஞ்சும் பிடிபட்டிருக்கு பாருங்கோ” என்று சிரித்தாள். அதற்குப் பிறகு தினமும் அதுதான் வேண்டும் என்றாள். கடலில் இறங்கினாள். வைக்கோல் தொப்பி ஒன்று வாங்கினாள், சிவப்பு நாடா கட்டியது.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு விடுதிக்காரப் பெண்மணி என் கையில் தந்தியைத் தந்தார். ஸ்ட்ராத்ஃபீல்ட் நண்பர் ஒருவரிடம் விடுதி முகவரி கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஊரிலிருந்து அவருக்கு வந்ததை அவர் எனக்குத் திருப்பியிருந்தார். ஒன்பது சொற்கள். ஞாயிற்றுக்கிழமை இறந்து, அன்றே எரித்தாகிவிட்டது. மனைவி அப்போது சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, அந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்தபடி அலைக்குள் நின்றாள்.

நான் கணக்குப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்கு நான்கு விமானங்கள் மாற வேண்டும். போனாலும் முகம் பார்க்க முடியாது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தகப்பன் செத்த துடக்கு, மீன், இறைச்சி தொடாமல் காக்கும் தீட்டு, மூன்று நாள். அதில் இரண்டு நாள் ஏற்கனவே போய்விட்டது. தூரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்ட நாளிலிருந்துதான் துடக்கு என்பதும் எனக்குத் தெரியும். அவள்தான் கேட்கவில்லையே என்று அதையும் எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன். அவளுக்காகச் செய்ததாகப் பல வருடங்கள் சொல்லிவந்தேன். உண்மையில் மிச்சமிருந்த பத்து நாட்களும் எனக்கு வேண்டியிருந்தன. தந்தியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அன்று பின்னேரம் சந்தியிலிருந்த ரம் கடைக்குப் போனோம். பலகையால் அடித்த கடை, உட்கார மூன்று வாங்குகள். எனக்கு வந்த கிளாஸை மனைவி எடுத்து மணந்து பார்த்தாள். தேசிக்காயும் சாதிக்காயும் போட்டிருந்தது. ஒரு மிடறு குடித்தாள். முகத்தைச் சுளித்துவிட்டு இன்னொரு மிடறு.

“அப்பாட்டைச் சொல்லிப் போடாதேங்கோ. தோலை உரிச்சுப் போடுவார்.”

“சொல்லமாட்டன்” என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவருக்கு ஒரு படஅட்டை எழுதினாள். நீச்சல் பழகுவதாகவும், மீன் வலு திறம் என்றும், இருமலுக்கு வெந்நீர் குடிக்கச் சொல்லியும் பதினான்கு வரிகள். தபாலில் போடாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். போட்டேன்.

சிட்னி விமான நிலையத்துக்கு நண்பரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். நண்பரின் மனைவி வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். எங்களூரில் சாவுக்குப் பிறகு முதல்முறை காணும் பெண்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். சிவப்பு நாடாத் தொப்பியோடு வந்த என் மனைவியைக் கட்டிப்பிடித்துக் குரலெடுத்து அழுதார்.

“கடைசியா முகம்கூடப் பாக்கேலாமல் போச்சே, பிள்ளை.”

“ஆற்றை முகம்? என்ன அன்ரி, ஆருக்கு என்ன?”

நண்பர் என்னைப் பார்த்தார். “தந்தி கிடைக்கேல்லையே?”

மனைவியும் என்னைப் பார்த்தாள். பெட்டிகள் மூன்றும் தரையில் நின்றன.

வீட்டுக்கு வந்ததும் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், கதிரையை இழுத்துப்போட்டு என்னை இருக்கச் சொன்னாள். தான் நின்றாள்.

“தந்தி எண்டைக்கு வந்தது?”

“செவ்வாய்.”

“அண்டைக்கு நான் என்ன சாப்பிட்டனான்?”

“ரெண்டு மீன். களி. பின்னேரம் அரைக் கிளாஸ் ரம்.”

“மிச்ச நாளையும் சொல்லுங்கோ. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.”

இருந்தது. நாள் நாளாகச் சொன்னேன். பத்தொன்பது மீன், நாலு தரம் இறைச்சி, ஏழு தரம் ரம். முடிந்ததும், “கட்டிக்குடுத்த பிள்ளைக்கு மூண்டு நாள்தான்” என்றேன்.

“அதை நான் எண்ணியிருப்பன். எனக்கும் எண்ணத் தெரியும்.”

அன்றிலிருந்து முப்பத்தொரு நாள் தனிச் சட்டியில் மரக்கறி சமைத்தாள். எனக்கு வேறு சட்டி, மீனோடு. நானும் மரக்கறியே சாப்பிடுகிறேன் என்றதற்கு, “உங்களுக்கு ஏன்?” என்றாள். அந்த நாட்களுக்குள் அவளுடைய அண்ணனின் கடிதம் வந்தது. முப்பத்தொராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்குச் சனம் கூடியிருந்த பந்தலுக்குள் தபால்காரன் படஅட்டையைக் கொண்டுவந்தானாம். யாரோ அதைச் சத்தமாக வாசித்துவிட்டார்களாம். அண்ணன் எழுதியது அவ்வளவுதான். அவளும் அதற்குப் பதில் எழுதவில்லை. உண்மையை எழுதி என்னைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. தகப்பன் எரிந்தபோது நீச்சல் பழகியவள் என்ற பழி ஊரில் இன்றைக்கும் அவள் பேரில்தான் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம், அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் மேசையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே மனைவி வந்து நின்றாள். பத்து வருடத்துக்கு மேலாக நான் வேலை செய்த அந்த இடத்துக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை. வீட்டுச் சேலை, வீட்டுச் செருப்பு. அங்கிருந்த பதினான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“உங்கட அம்மா செத்துப் போனா” என்றாள்.

வாயிலிருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தந்தியை என் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

“தந்தி வந்து நாப்பது நிமிசம். அதுக்கு முந்தி வர ரயில் இல்லை.”