சாறு முன்வாசலில், சக்கை பின்வாசலில்

"திராட்சை நல்லதுன்னா அதோட சாறு எப்படிடீ கெட்டதாகும்? பன்னிரண்டு வருஷம் படிச்சியே, சொல்லு."

மாடிப்படியில் நின்று அத்தை கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். பதில் தெரியாத எரிச்சலில், "கெட்டதுன்னா கெட்டதுதான்" என்றேன்.

"நல்ல படிப்பு" என்று சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. பழச்சாறு ஆலையில் பிழியும் இயந்திரத்தை ஓட்டுபவள். மாடியில் அவள், கீழே நாங்கள். இரண்டு அடுப்பு, ஒரே படிக்கட்டு. சண்டையெல்லாம் அந்தப் படிக்கட்டில்தான். அவளும் என் அம்மாவும் இருபது வருடமாக எலியும் பூனையும். யார் எலி என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறும்.

அந்த இயந்திரம்தான் அவளுக்கு உயிர். "பொம்பளைக்கு இது சரிப்படாது" என்று சொன்ன மேற்பார்வையாளரின் கண்ணெதிரே கற்றுக்கொண்டு, பத்தொன்பது வருடம் ஓட்டியிருக்கிறாள். உள்ளே வடிதுணி கிழிந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஆலையில் அவளுக்கு 'இரும்புக்கை' என்று பட்டப்பெயர். வேலையில் அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. அவளோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் முள்மேல் நடப்பது.

அவளுக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். ஆலையில் வருடத்துக்கு ஒரு முறை உடல் பரிசோதனை உண்டு. ஏழை ஒட்டி இருக்க வேண்டிய ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி போன வருடம் ஒன்பதைத் தாண்டியிருந்தது. "அடுத்த தடவையும் இப்படி இருந்தா மெஷின் கிடையாது. மயங்கி அதுமேல விழுந்தா கை போயிடும்" என்று ஆலை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி, காகிதத்திலும் எழுதிக் கொடுத்தார்.

ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சுவரொட்டி உண்டு. சிவப்பாக ஓர் இதயம், பக்கத்தில் திராட்சைக் கொத்து. 'திராட்சையின் பாலிபீனால்: இதயத்துக்குத் துணை, சர்க்கரைக்குக் கடிவாளம்.' அவள் கணவர், என் மாமா, நாற்பத்தாறு வயதில் பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து இதயம் என்ற சொல் எங்கே இருந்தாலும் அத்தை நின்று படிப்பாள். இதையும் படித்தாள், நம்பினாள். வடிகட்டி வரும் சாற்றில் தினமும் மூன்று டம்ளர் குடித்தாள், மாத்திரையை நிறுத்தினாள். குப்பையில் பிரிக்காத மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டதற்கு, "ரெண்டு மருந்து ஒரே வயித்துல எதுக்கு? என் குப்பையைக் கிளறுறதுதான் உனக்கு வேலையா?" என்றாள்.

இந்தச் சாற்றைப் பற்றித்தான் நான் படிக்கட்டில் வாய்கொடுத்து மாட்டிக்கொண்டேன். தோற்றது மூன்று மாதமாக உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் சுகாதார நிலையத்துக்குப் போய், உணவு ஆலோசகரிடம் அத்தையின் கேள்வியை அப்படியே கேட்டேன். வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றிருந்தார்கள், அவருக்கும் எரிச்சல்தான்.

"பாலிபீனால்னு ஒரு சத்து இருக்குறது பொய் இல்ல. டீ, வெங்காயம், பருப்பு, பழத்தோல் எல்லாத்துலயும் இருக்கு. இதையெல்லாம் நிறையச் சாப்பிடுறவங்களுக்கு இதய நோயும் சர்க்கரையும் கொஞ்சம் குறைவுன்னு பல ஆய்வுல பார்த்திருக்காங்க. கொஞ்சம்தான். மாத்திரை செய்யுற வேலையை அது செய்யாது. திராட்சையில அது பெரும்பாலும் தோல்லயும் கொட்டையிலயும் இருக்கு. உங்க அத்தை குடிக்கிற சாத்துல தோல் இருக்கா? எனக்கென்ன தெரியும், பிழியுறவங்களைக் கேளு. அடுத்த ஆள்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு, தேக்கரண்டி, சர்க்கரை டப்பா, கடையில் வாங்கிய அதே ஆலையின் சாறு பாட்டில் எல்லாவற்றோடும் படிக்கட்டில் உட்கார்ந்தேன். பாட்டிலின் பின்பக்கத்தில் ஒரு டம்ளருக்கு முப்பத்திரண்டு கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது. அத்தை குடிப்பது குழாயிலிருந்து. பாட்டிலின் முதுகை அவள் பார்த்ததே இல்லை. எட்டுத் தேக்கரண்டி அளந்து தட்டில் கொட்டினேன்.

"இது ஒரு டம்ளர். நீங்க மூணு குடிக்கிறீங்க அத்தை."

"சக்கரை இருந்தா இருக்கட்டும். அதை அடக்கத்தான் உள்ள மருந்து இருக்கே."

"சாத்துல தோல் வருமா?"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யார்கிட்டடீ கேக்குற? என் சாறு கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு துணுக்குத் தோல் வந்தா என் மானம் போச்சு."

"அப்போ தோல், கொட்டையெல்லாம்?"

"சக்கை. பின்வாசல்ல லாரி நிக்கும், மாட்டுத் தீவனத்துக்கு அள்ளிட்டுப் போவான்."

கீழே காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை. "அப்படிச் சொல்லுங்க அண்ணி. மருந்து மாட்டுக்கு, சக்கரைத் தண்ணி உங்களுக்கு. இனிமே எந்த மாட்டுக்கும் மாரடைப்பு வராது."

அத்தை பத்தொன்பது வருடமாகத் தன் கையாலேயே பின்வாசலுக்குத் தள்ளியதை அப்போதுதான் பார்த்திருப்பாள். தட்டைக் காலால் எத்தினாள். படியெல்லாம் சர்க்கரை. அதை யார் கூட்டுவது என்று இரண்டு நாள் இரு வீட்டுக்கும் வீம்பு, எறும்புகள் முடித்துவைத்தன.

அன்றே சாற்றை நிறுத்தினாலும், பதினோரு நாளில் பரிசோதனை. மூன்று மாதச் சராசரி பதினோரு நாளில் எவ்வளவு இறங்கிவிடும்? பத்து புள்ளி இரண்டு. அன்றே இயந்திரத்தை விட்டு இறக்கி, பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் மேசையில் உட்காரவைத்தார்கள். சாயங்காலம் படிக்கட்டில் நின்று, "உங்கம்மா வாய் வச்ச எது விளங்கியிருக்கு?" என்றாள். அம்மா பதில் சொல்லவில்லை. இருபது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அதன் பிறகும் அத்தை சாற்றைத் தொடவில்லை. மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினாள், நடந்தாள். பத்துத் திராட்சையை எண்ணி எடுத்துவந்து எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து, அம்மாவை முறைத்தபடி கொட்டையோடு நறநறவென்று மென்றாள். மூன்று மாதம் கழித்து ஏழு புள்ளி நான்கு. மருத்துவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மேற்பார்வையாளர் போடவில்லை. "புதுப் பையன் பழகிட்டான். இனிமே எதுக்கு மாத்தணும்?"

மறுநாள் அத்தை தடித்த பேனாவால் அந்தச் சுவரொட்டியின் குறுக்கே எழுதினாள்: 'இது தோலில் இருக்கிறது. தோல் பின்வாசலில் போகிறது. மாத்திரையை நிறுத்தாதே.' விளக்கம் கேட்டு நிர்வாகத்திடமிருந்து ஓலை வந்தது. "ஒரு எழுத்து பொய்யான்னு கேளுங்க, மன்னிப்பு எழுதித் தரேன்" என்றாள். சுவரொட்டியைக் கழற்றிவிட்டார்கள். இயந்திரத்தை இன்னும் தரவில்லை. எங்களோடு அவள் இன்னும் பேசுவதில்லை.

அவள் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு அன்றே, பரிசோதனைக்கு மூன்று மாதம் முன்பே, பதில் தேடிப் போகாமல், படிக்கட்டில் ஜெயிக்க மட்டும் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பழச்சாற்றை நம்பி மாத்திரையை ஒதுக்கிவைக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், இதை அவரிடம் கொடுங்கள். படிக்க மாட்டேன் என்றால் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். சண்டை வந்தால் வரட்டும். அவருடைய அடுத்த பரிசோதனைக்கு மூன்று மாதம் முன்பே வரட்டும்.